ஒளிக்கதிர்ப் பொறியும் ஆரணித் தறியும்

ஓரிழையால் ஆடை ஆவதில்லை. ஆயிரக்கணக்கான பாவிழைகள் ஒருங்கே நின்று, ஒவ்வொன்றும் தனக்குரிய நொடியில் எழுந்தும் தாழ்ந்தும் ஊடைக்கு வழிவிட்டால்தான் கரை தோன்றும், உடல் தோன்றும், முந்தி தோன்றும். இவ்வுண்மையை ஏட்டில் படித்து அறியாமல் கையாலும் காலாலும் கண்ணாலும் அறிந்தவர்கள் ஆரணிப் பட்டு நெசவாளர்கள். கமண்டல நாக ஆற்றின் கரையில், திருவண்ணாமலை மாவட்டத்தில் அமைந்த அவ்வூர் அரிசிக்கும் பெயர்பெற்றது, பட்டுக்கும் பெயர்பெற்றது. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடும் பெற்றுள்ளது.

மேலைநாட்டு ஆய்வுக்கூடங்களில் இன்று நடைபெற்றுவரும் ஒரு பெருமுயற்சியின் உயிர்க்கருத்தும் இதுவேயாகும். ஒற்றை ஒளிக்கதிரால் மாழையையும் கண்ணாடியையும் வயிரத்தையும் துளைத்தும் அறுத்தும் வந்த பொறியாளர், அக்கதிரைப் பத்தாக, நூறாகப் பிரித்து, அனைத்தையும் ஒரே வேளையில் வேலை வாங்கக் கற்றுவருகின்றனர். இதனைப் பன்கதிர்ச் சீரொளி வினை எனலாம். தறியின் முன் அமர்ந்திருக்கும் தமிழனுக்கு இச்செய்தி அயலான செய்தியன்று; அவன் முன்னோர் கண்ட நெறியின் இன்னொரு வடிவம். ஆயினும் அவன் காதுக்கு இஃது அவன் மொழியில் எட்டுமா என்பதே இவ்வாசிரியவுரை எழுப்பும் வினா.

முதலில் சீரொளி என்பது யாது எனத் தெளிதல் வேண்டும். விளக்கொளி பலவண்ண அலைகள் கலந்தது, நாற்புறமும் சிதறுவது, அதன் அலைகள் முன்னும் பின்னுமாகக் குழம்பிச் செல்வன. சந்தைக் கூட்டம் போன்றது அது. சீரொளியோ ஒரே அலைநீளம் உடையது. ஒரே திசையில் செல்வது. அதன் அலைகள் அணிவகுத்த படைபோல் அடியொத்து நடப்பன. அணுக்களைத் தூண்டி இத்தகைய ஒளியை உமிழச்செய்யக்கூடும் என்னும் கொள்கையை ஐன்சுடைன் 1917ஆம் ஆண்டளவில் வகுத்தார். அக்கொள்கையைக் கருவியாக்கி, செயற்கை மாணிக்கக் கோலிலிருந்து முதற் சீரொளியைப் பாய்ச்சியவர் அமெரிக்கராகிய தியோடர் மைமன், ஆண்டு 1960. அதற்கு 'இலேசர்' என்று பெயரிட்டனர். அஃது ஒரு சொல்லன்று. ஆங்கிலத் தொடர் ஒன்றின் முதலெழுத்துகளைக் கோத்த குறுக்கம். ஆங்கிலச் சிறுவனுக்கும் அப்பெயர் தானே பொருள் சொல்லாது. 'சீரொளி' என்னும் தமிழ்ப்பெயரோ, சீர்பட்ட ஒளி எனக் கேட்ட அளவிலேயே தன் இயல்பைக் கூறிவிடும்.

நான்கே ஆண்டுகளில், 1964இல், இந்தியாவில் பிறந்து அமெரிக்கா சென்று பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய குமார் பட்டேல், கரியமில வளியினின்று சீரொளி எழும் வழியைக் கண்டார். துணியையும் தோலையும் மரத்தையும் எஃகுத் தகட்டையும் அறுக்கும் பொறிகள் பல அவர் கண்ட வழியில் தோன்றியவையே.

சீரொளி தொழிற்சாலைக்குள் புகுந்த முதல் வேலைகளுள் ஒன்று, பட்டுச் சேலையை உடுத்தும் மக்கள் அனைவரும் அறிய வேண்டியது. பொன்னையும் வெள்ளியையும் செம்பையும் மயிரினும் மெல்லிய கம்பியாக இழுக்க வேண்டின், அதனினும் மெல்லிய துளையுடைய அச்சு வேண்டும். கம்பி உராய்ந்து உராய்ந்து செல்லினும் துளை தேயாதிருத்தல் வேண்டுமாகலின், அவ்வச்சை வயிரத்தில் அமைப்பர். வயிரத்தைத் துளைப்பதோ எளிதன்று; வயிரப் பொடியையும் எண்ணெயையும் இட்டு ஊசிமுனையால் நாட்கணக்கில் கடைந்துகொண்டிருக்க வேண்டியிருந்தது. 1965இல் அமெரிக்காவின் வெசுட்டர்ன் எலெக்ட்ரிக்கு என்னும் தொழிலகம் அவ்வேலையைச் சீரொளியிடம் ஒப்படைத்தது. நாட்கணக்கு மணித்துளிக் கணக்காகச் சுருங்கிற்று.

சேலைக் கரையில் ஒளிரும் சரிகையும் இவ்வாறு இழுத்த கம்பியன்றோ! வெள்ளிக் கம்பியை அச்சு அச்சாக மாற்றி இழுத்து மெலிதாக்கி, தட்டித் தகடாக்கி, பட்டிழைமேல் சுற்றிப் பொன்முலாம் பூசினால் அது சரிகை. தமிழ்நாட்டு நெசவாளர் நெடுங்காலமாகச் சூரத்துச் சரிகையையே நம்பியிருந்தமையால், 1971இல் காஞ்சிபுரத்தில் தமிழ்நாடு சரிகை ஆலை நிறுவப்பட்டது. ஆரணித் தறிக்கும் சீரொளிக்கும் உள்ள உறவு இழையளவில் மெல்லியதாயினும், இழையைப் போலவே உறுதியானது.

இனி, ஒரு கதிர் போதாதோ, பல கதிர் எற்றுக்கு என்று வினவுவார் உளர். அதற்கு உழவன் வயலில் விடை உண்டு. ஏற்றத்தால் இறைத்த நீர் முழுவதையும் ஒரே நாற்றின் அடியில் ஊற்றினால் என்னாகும்? நாற்று அழுகும், நீரும் வீணாகும். அந்நீரையே வாய்க்கால் வெட்டிப் பாத்திதோறும் பிரித்துவிட்டால் வயல் முழுவதும் விளையும். சீரொளியின் நிலையும் அதுவே. ஒவ்வொரு பொருளையும் ஆவியாக்கி அகற்றுவதற்கு ஒளியாற்றலில் ஒரு கீழ்வரம்பு உண்டு. அவ்வரம்பைச் சில மடங்கு கடந்தவரை வேலை செவ்வையாக நடக்கும். அதற்கு மேற்பட்ட ஆற்றல் பொருளை அகற்றாது, சூடேற்றும், விளிம்பை உருக்கும், கண்ணாடியாயின் விரிசல் உண்டாக்கும்.

இக்குறையைப் போக்கவே மிகக் குறுந்துடிப்புச் சீரொளிகள் வந்தன. நொடியை நூறாயிரங் கோடிப் பங்காக வகுத்தால், அதில் ஒரு பங்கோ அதனினும் குறைவோதான் அத்துடிப்பின் வாழ்நாள். வெப்பம் பக்கத்தில் பரவுமுன் பொருள் ஆவியாகி அகன்றுவிடும். வெட்டிய விளிம்பு கூர்மையாக நிற்கும். இத்தகு துடிப்புகளை வலிமைப்படுத்தும் வழியை 1985இல் கண்ட செரார் மூரூ, தோனா இசுட்ரிக்லாண்டு ஆகிய இருவரும் 2018இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். துடிப்பை முதலில் நீட்டி, நீட்டிய நிலையில் பெருக்கி, பின்னர் மீண்டும் சுருக்குவது அவர்கள் கண்ட வழி.

கருவிகளின் வலிமை ஆண்டுதோறும் வளர்ந்தது. ஆனால் வலிமை முழுவதையும் ஒரே புள்ளியில் கொட்டினால், குறுந்துடிப்பால் விலக்கிய வெப்பம் மீண்டும் வந்து சேர்ந்துவிடும். ஆகவே வலிமையைக் குறைக்காமல் பலவாகப் பகிர்ந்தளிக்க வேண்டியதாயிற்று. கண்ணுக்குத் தெரியாத நுண்படிகள் செதுக்கிய ஒரு கண்ணாடித் தகட்டின் வழியே சீரொளியைச் செலுத்தினால், அது நிகரான பல கதிர்களாகப் பிரிந்து வெளிப்படும். இதனைக் கதிர்பிரிப்பி எனலாம். நீர்மப் படிகத் திரையில் ஒளியைப் பட்டுத் திரும்பச்செய்து, கதிர்களின் எண்ணிக்கையையும் இருப்பையும் வேண்டியபோது மாற்றிக்கொள்ளும் முறையும் உண்டு.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். கழிவுநீரில் கலந்துவரும் நெகிழித் துகளை வடிகட்டுவதற்காக, செருமானிய ஆய்வாளர் ஒரு மாழைத் தகட்டில் 5 கோடியே 90 நூறாயிரம் துளைகளை இட்டனர். ஒவ்வொரு துளையின் விட்டமும் மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு. பட்டுப்புழு நூற்கும் ஒற்றையிழையின் பருமன் ஏறத்தாழ அவ்வளவே. நொடிக்கு ஒரு துளை எனக் கணக்கிட்டால், இரவும் பகலும் ஓயாது இயங்கினும் 683 நாள்கள் ஆகும். நூறு கதிர்கள் ஒருங்கே துளைத்தால் ஏழு நாள்களில் முடியும். பன்கதிர் முறையின்றி இவ்வேலை எண்ணத்தக்கதேயன்று.

இதனினும் வியப்பானது வேறொன்று. பிரிந்த கதிர்கள் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதாயின், ஒரே பூவைத் திரும்பத் திரும்ப அச்சிடலாமேயன்றி வெவ்வேறு கோலம் வரைய இயலாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நல்கையோடு 2019இல் தொடங்கிய ஆய்வுத் திட்டம் ஒன்றில், செருமானியத்து ஆகன் நகர ஆய்வாளரும் அவர்தம் கூட்டாளிகளும் ஒரு கிலோவாட்டு வலிமையுள்ள சீரொளியை, எட்டுக்கு எட்டு என 64 கதிர்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே திறக்கவும் மூடவும் வழிசெய்ய முனைந்தனர். எக்கதிர் எந்நொடியில் பொருளைத் தொட வேண்டும், எக்கதிர் விலகி நிற்க வேண்டும் என்பதைக் கணிப்பொறி ஆணையிடும்.

இதைக் கேட்கும் ஆரணி நெசவாளர் யாரும், "இது சக்கார்டுப் பெட்டியன்றோ!" என்றே கூறுவர். அவர் கூற்று முற்றும் சரி. எந்தப் பாவிழை எழ வேண்டும், எது கிடக்க வேண்டும் என்பதை அட்டையின் துளை சொல்லும். துளையுள்ள இடத்தில் கொக்கி இழையைத் தூக்கும். துளையில்லாத இடத்தில் இழை கிடக்கும். அங்கே இழை, இங்கே கதிர். அங்கே அட்டை, இங்கே கணிப்பொறி. நெறி ஒன்றே. தறியின் மகளே கணிப்பொறி என்று அறிஞர் சொல்வது புகழ்மொழியன்று; துளையட்டையால் ஆணையிடும் முறையைக் கணிப்பொறியாளர் தறியினின்றே பெற்றனர்.

கதிர்களைப் பிரிப்பது ஒருவகை. பிரிந்த கதிர்களை மீண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ப்பது மற்றொரு வகை. அடியொத்த இரு கதிர்கள் ஒரு பரப்பில் சாய்ந்து வந்து சந்தித்தால், அலைமேல் அலை ஏறும் இடத்தில் ஒளி மிகும். அலையும் பள்ளமும் சேரும் இடத்தில் ஒளி அவியும். பரப்பில் நெருங்கிய வரிகள் பதியும். மூன்று கதிர்கள் சேர்ந்தால் தேன்கூடு போன்ற புள்ளிக்கோலம் தோன்றும். நான்கு சேர்ந்தால் கட்டக்கோலம் தோன்றும். இவ்வரிகள் ஒளியின் அலைநீளத்தை ஒத்த நுண்மை உடையனவாதலின், வண்ணம் பூசாமலே மாழைப் பரப்பில் வானவில் நிறம் காட்டலாம். மயிற்பீலியின் நிறமும் சாயத்தால் மட்டும் ஆனதன்று. அதன் நுண்ணமைப்பால் ஆனது. மயில்கழுத்து நிறச் சேலையில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். இரண்டும் ஊடாடிச் சாயலுக்குச் சாயல் மாறி ஒளிர்கின்றன. வழி வேறாயினும், இரண்டு சேர்ந்து மூன்றாவதைப் பிறப்பிக்கும் கலையை நெசவாளர் நெடுங்காலமாக ஆண்டுவருகின்றனர்.

இத்துணைச் சொன்னது, சீரொளி வந்து சேலை நெய்யும் என்று மயங்குவதற்காக அன்று. சீரொளி அறுக்கும், துளைக்கும், செதுக்கும், ஒட்டும், நெய்யாது. நெசவாளரின் கைக்கும் கண்ணுக்கும் மாற்று அஃதன்று. கருத வேண்டிய செய்தி வேறு. தறியின் உறுப்புகள், சரிகையின் அச்சு, கணிப்பொறிச் சக்கார்டின் நுண்பகுதிகள் என நெசவைச் சூழ்ந்த கருவிகள் ஒவ்வொன்றாகப் புதுமுறைப் பொறிகளால் ஆக்கப்படும் காலம் இது. அக்கருவிகளை அறிந்தவன் உரிமையாளனாவான். அறியாதவன் கூலியாளாகவே நிற்பான்.

வரலாறு இதற்குச் சான்று கூறும். பிரான்சு நாட்டு இலியோன் நகரும் ஆரணியைப் போலப் பட்டு நெய்த ஊரே. அங்கே 1804ஆம் ஆண்டளவில் சோசப்பு மரி சக்கார்டு தம் பொறியை அமைத்தார். பொறி பெருகிற்று, பட்டு பெருகிற்று, வணிகர் செல்வமும் பெருகிற்று. ஆனால் 1831இல் இலியோன் நெசவாளர் தெருவில் இறங்கிக் கிளர்ந்தெழுந்தனர். எதற்காக? தம் நெசவுக்குக் குறைந்த அளவு விலையேனும் உறுதியாக வேண்டும் என்பதற்காக. பொறியின் திறம் உயர்ந்தும் அதை இயக்கியவனின் கூலி உயரவில்லை என்பதே அவர்தம் துயரம். நுட்பம் யார் கையில் இருக்கிறதோ அவரிடமே பயன் சேரும் என்பதை இதனினும் தெளிவாக உரைப்பது யாது?

தமிழ்நாட்டில் அப்பொறி வருமுன், கரையிலும் உடலிலும் பூவெடுக்க அடை கட்டி, துணையாள் ஒருவர் இழைகளைத் தூக்கிக் கொடுக்க நெய்தனர். சக்கார்டு வந்தபோது அதனைப் புறந்தள்ளவும் இல்லை. அதன் முன் மொழியிழந்து நிற்கவும் இல்லை. பொறி தந்தவன் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, உறுப்புகளுக்கெல்லாம் தம் சொல்லையே இட்டனர். பெட்டி என்றனர்; கொக்கி என்றனர்; அட்டை என்றனர். 120 கொக்கிப் பெட்டி, 240 கொக்கிப் பெட்டி என்று அளவும் சொன்னார்கள். பாவு, ஊடை, விழுது, அச்சு, தார், நாடா, மிதி, கோர்வை என முன்னமே இருந்த சொற்குடும்பத்தில் புதிய சொற்களும் உறவாகிவிட்டன. எந்தக் கல்லூரியும் அவர்களுக்குச் சொல்லாக்கம் கற்பிக்கவில்லை. எந்தக் குழுவும் கூடித் தீர்மானம் செய்யவில்லை. வேலை செய்தவர் தம் வேலைக்குத் தாமே பெயரிட்டனர். அதனால் அப்பொறி அவர்க்கு அடங்கிற்று.

அந்நெசவாளர் செய்ததைக் கற்றோர் செய்யத் தயங்குவது ஏன்? ஆங்கிலச் சொற்களை அப்படியே வைத்துக்கொண்டால் என்ன கேடு, செருமானியர்கூட 'இலேசர்' என்றுதானே சொல்கின்றனர் என்று கேட்பவர் உளர். கேள்வி நேர்மையானது, விடையும் நேர்மையாக அமைதல் வேண்டும். செருமானியர் அவ்வொரு பெயரைக் கடன்கொண்டது மெய்யே. ஆனால் கதிர், பிரிப்பு, துடிப்பு, துளை, வெப்பம் என ஏனைய எல்லாவற்றையும் தம் மொழியில் சொல்லித் தம் தொழிலாளர்க்குத் தம் மொழியிலேயே கற்பிக்கின்றனர். ஒரு சொல்லைக் கடன் வாங்குவது வேறு. கல்வி முழுவதையும் அடகு வைப்பது வேறு. சீனரோ அப்பெயரையும் கடன் வாங்கவில்லை. சியென் சுவேசென் என்னும் அறிவியலறிஞர் 1964இல் 'தூண்டொளி' என்னும் பொருள்படும் சீனச் சொல்லை முன்மொழிந்தார். சீன நாடு முழுவதும் அச்சொல் இன்று வழங்குகிறது. அதனால் சீனத்தின் சீரொளித் தொழில் பின்தங்கிவிட்டதா? உலகச் சந்தையில் சீரொளி வெட்டுப் பொறிகளை மலைபோல் குவிப்பவர் அவரன்றோ!

தமிழ்நாட்டு நிலை யாது? அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் கற்பிக்கத் தொடங்கியது. 2023இல் உறுப்புக் கல்லூரிகளில் தமிழ்வழி வகுப்புகளை நிறுத்துவதாக ஓர் அறிவிப்பு வந்து, எதிர்ப்பு எழுந்தபின் திரும்பப் பெறப்பட்டது. மாணவர் வரவு குறைவு என்பதே சொல்லப்பட்ட கரணியம். தமிழ்வழிப் படித்தவனுக்கு வேலை உறுதி இல்லாதபோது மாணவர் எங்ஙனம் வருவர்? விதைக்கு நீர் விடாமல், முளைக்கவில்லை என்று நிலத்தைப் பழிப்பது போன்றது இது.

ஆகவே செய்யத்தக்கவை இவை. பன்கதிர்ச் சீரொளி, கதிர்பிரிப்பி, குறுந்துடிப்பு, குறுக்கீட்டுக் கோலம் என்பன போன்ற சொற்களை அகரமுதலியில் அடைத்துவைத்தால் போதாது. தொழிற்பயிற்சி நிலையங்களின் பாடநூலிலும் பட்டறையின் சுவரிலும் அவை ஏறுதல் வேண்டும். சேலத்திலுள்ள கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் போன்ற நிறுவனங்கள் புதுக்கருவிகளைப் பற்றிய எளிய தமிழ்ச் சிறுநூல்களை வெளியிடுதல் வேண்டும். சொல்லாக்குவோர் தறிக்குழியின் அருகே சென்று, நெசவாளர் வாயில் ஏற்கெனவே வழங்கும் சொற்களைக் கேட்டறிந்தபின் புதுச்சொல் படைத்தல் வேண்டும். இருக்கும் சொல்லை விட்டு இல்லாத சொல்லைத் தேடுவது தமிழ்த் தொண்டாகாது.

மொழி மட்டும் போதாது, முதலும் வேண்டும். தனியொரு நெசவாளரால் சீரொளிப் பொறி வாங்க இயலாது. கூட்டுறவுச் சங்கங்கள் ஒன்றுகூடின் இயலும். 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்சு, கூட்டுறவு நெசவாளரைத் தாங்க முடியும் என்பதற்கு வாழும் சான்று. ஊருக்கு ஒரு பொதுப்பட்டறை அமைந்து, தறியுறுப்புகளைச் செப்பனிடவும் புதிதாக ஆக்கவும் நெசவாளர் மக்களே அங்குப் பயிலுவாராயின், புதுநுட்பம் அவர்க்கு எதிரியாகாது, ஏவலாகும். கைத்தறிக்கென 11 வகைத் துணிகளை ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேலையும் உண்டு. அச்சட்டம் இருந்தும் விசைத்தறியில் நெய்த சேலை கைத்தறிச் சேலை என்னும் பெயரில் விலைபோகிறது. சட்டத்தை நடைமுறைப்படுத்தும் கடமை அரசினது. ஏமாறாமல் கேட்டு வாங்கும் கடமை உடுத்துவோரது.

எவ்வளவு வலிய ஒளியாயினும் ஒரே புள்ளியில் குவிந்தால் சுடும். பகிர்ந்தளித்தால் பயன் தரும். அறிவும் அத்தன்மையதே. ஆங்கிலம் கற்ற சிலரிடம் மட்டும் குவிந்து கிடக்கும் அறிவு, ஏனையோரைச் சுடும் அறிவேயாகும். அதனைத் தாய்மொழி என்னும் கதிர்பிரிப்பியின் வழியே தறிதோறும் பட்டறைதோறும் செலுத்துவதே தமிழுணர்வுடையார் கடமை. பெட்டிக்கும் கொக்கிக்கும் அட்டைக்கும் பெயரிட்ட அம்மக்கள் சீரொளிக்கும் பெயரிடுவர், அதனை ஆள்வர். அவர் கையில் அதனைக் கொண்டுசேர்ப்பார் யார் என்பதே எஞ்சி நிற்கும் வினா. கற்ற தமிழர் அதற்குச் செயலால் விடை தருக!